சுத்தப் பக்கத்துக் கதவு

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பது வழக்கம். ஆனால் நீ நலமாக இல்லை என்பதற்கான லேப் முடிவு எனக்கு எதிர் மேசையில் கிடக்கிறது. காலையிலிருந்து நான் அந்த மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன்.

போனில் பேச விருப்பமில்லை. போன தடவை பேசியபோது நீ பாதியில் வைத்தாய். வைத்தவன் நான் என்று நீ சொல்வாய். கடிதத்தில் அந்தச் சண்டை இல்லை.

விஷயம் இது. நீங்கள் அனுப்பிய உறைந்த வெண்டைக்காய் கன்டெய்னரைத் துறைமுகத்தில் சீல் வைத்துவிட்டார்கள். எடுத்த மாதிரிகளில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கிறது. வாங்குவது எங்கள் கம்பெனி. இது என் அப்பாவின் ஃபேக்டரி என்று முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அதனால் உங்கள் ஃபைல் என் கையில் இல்லை, எதிர் மேசைக்காரரிடம் போய்விட்டது. அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஏப்ரல் கடைசியில் ஆடிட்டர் வருவார். அதற்குள் உங்கள் சுத்தப் பக்கத்தில், அதாவது காய் வெந்நீரில் முங்கி உறைந்து வரும் பக்கத்தில், வாராவாரம் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரிகள் எல்லாம் சுத்தமாக வர வேண்டும். வராவிட்டால் வாங்கத் தகுந்தவர்கள் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பிறகு ஃப்ரீசரை அணைத்துவிட்டு, அந்த ஷெட்டைக் கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடலாம்.

உனக்குப் பாடம் எடுத்தால் 'வாத்தியார் ஆரம்பிச்சுட்டார்' என்பாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கிருமி மண்ணிலிருந்து வருவது. வெந்நீர்த் தொட்டியில் செத்துவிடும். ஆனால் குளிரில் சாகாது, சும்மா படுத்திருக்கும். உங்கள் காய் வெந்நீரில் முங்கித்தானே வருகிறது? அப்படியானால் தொட்டிக்குப் பிறகு, சுத்தப் பக்கத்தில்தான், யாரோ மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எந்தெந்த இடத்தில் கிருமி வருகிறது என்று எழுது.

அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 20

வாத்தியார் அண்ணாவுக்கு,

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் அவரைப் பற்றியே முதலில் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கோபம் இறங்கவில்லை. காலையில் எனக்கு முன்னால் யார்டில் வந்து நிற்கிறார். விவசாயிகள் மூட்டையைப் பிரித்தால் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்க்கிறார். ஒடியாமல் வளைந்தால், "இதை உன் மாட்டுக்குப் போடு, அதுவும் யோசிக்கும்" என்கிறார். எல்லாம் பழையபடிதான். அந்த இடது கால் தோல் செருப்பு இன்னமும் சரியாக ஏறாது. டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டி மாட்டிக்கொண்டுதான் புறப்படுவார். அந்தச் சத்தம் கேட்டால் லைனில் இருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து தகவல் வந்துவிட்டது. நான் செய்யாதது ஒன்றில்லை. சாக்கடை மூடிகளை எல்லாம் மாற்றினேன். ஃப்ரீசர் வாயருகே டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டேன். குளோரின் ஊற்றி ஊற்றி எல்லார் கண்ணும் சிவந்து கிடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஃபேக்டரியில் ஏதோ சாவு என்று நினைப்பார்கள்.

ஒரு காரியம் செய்தேன், சொல்லவே வாய் வரவில்லை. லைன் மேஸ்திரி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அம்மா இருந்த காலத்திலிருந்து இருப்பவள்தான். யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது. பெல்ட்டின் கடைசியில் நிற்பது அவள், அங்கேதான் கிருமி வருகிறது. தலையுறையைக் கழற்றி மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நீ கேட்ட இடங்கள்: யார்டிலிருந்து சுத்தப் பக்கத்துக்குள் வரும் கதவு. பெல்ட்டின் கடைசி, காய் உறைந்து வந்து விழும் இடம். அங்கிருந்து ஆபீஸ் மாடிக்குப் போகும் படி. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். முழங்கால் வலிக்கு என்ன செய்கிறாள்?

இப்படிக்கு,
வாலு

---

மார்ச் 2

தங்கைக்கு,

கதவு, பெல்ட்டின் கடைசி, ஆபீஸ் படி. இந்த வழியில் தினமும் யார் நடக்கிறார் என்று எனக்கு இத்தனை தூரத்திலிருந்தே தெரிகிறது. உனக்குத் தெரியவில்லையா?

எல்லாரும் கதவருகே உட்கார்ந்து வெளிச் செருப்பைக் கழற்றி, வெள்ளை பூட்ஸ் மாட்டி, கை கழுவி உள்ளே போகிறார்கள். ஒருத்தர் மட்டும் யார்டு மண்ணோடு நேரே உள்ளே வருகிறார். மூட்டைக் காயை ஒடித்த அதே கையால் பெல்ட்டிலிருந்து உறைந்த காயை எடுத்து, காதோரம் வைத்து, பட்டென்று ஒடித்துச் சத்தம் கேட்கிறார். சத்தம் பிடித்திருந்தால் தலையை ஆட்டுகிறார். ஒடித்த இரண்டு துண்டையும் வீணாக்கக் கூடாதென்று பெல்ட்டிலேயே திரும்பப் போடுகிறார். அந்தத் துண்டுகள்தான் கடல் தாண்டி என் எதிர் மேசைக்கு வந்திருக்கின்றன. இதற்கு மேஸ்திரி அக்காவை வீட்டுக்கு அனுப்பினாயா?

இதை நான் முன்னாலேயே சொன்னேன். அதே கதவில் சொன்னேன். உணவு நுண்ணுயிரியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த புதிது. வெளிநாட்டு வியாபாரிகள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

"செருப்பைக் கழட்டச் சொல்றியே, நான் யார் வீட்டுக்கு வந்திருக்கேன்?"

வியாபாரிகளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. லைனே நின்று பார்த்தது. நீ என் பக்கத்தில்தான் இருந்தாய், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த வாரமே சாவிக்கொத்து உன் கைக்கு வந்தது. நான் பெட்டியைக் கட்டினேன். சாவி வேண்டுமென்று நீ கேட்கவில்லை, தெரியும். வேண்டாமென்றும் சொல்லவில்லை.

இப்போது ஒரு நாட்டின் துறைமுகமே சேர்ந்து நான் சொன்னதைச் சொல்கிறது. மேஸ்திரி அக்காவைத் திரும்பக் கூப்பிடு.

உன் அண்ணன்

---

மார்ச் 12

அண்ணா,

தெரியும்ண்ணா. முதல் வாரமே தெரியும். லைனில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பஞ்சுக் குச்சியோடு போகிற லேப் பெண், அந்தப் படிக்கட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் மேலே ஃபேனைப் பார்க்கிறேன்.

சொல்லத்தான் முடியவில்லை. சொல்லாமல் என்னென்ன செய்து பார்த்தேன் தெரியுமா? அந்தக் கதவைப் பூட்டினேன். பின்பக்கம் லோடிங் வழியாகச் சுற்றி வந்து, "கதவு துருப்பிடிச்சுக் கிடக்கு, கவனிக்கிறதில்லையா?" என்று என்னையே கேட்டார். கதவடியில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். அவர் கால் நீளம் உனக்குத் தெரியும், வாய்க்கால் மாதிரி தாண்டிவிட்டார். கடைசியில் உறைந்த காயை ஒரு தட்டில் வைத்து ஆபீஸுக்கே அனுப்பினேன், மேலேயே ஒடித்துப் பார்க்கட்டுமென்று. ஒன்றைக் காதோரம் வைத்து ஒடித்துவிட்டு, "இது நேத்து ஓட்டினது. கீழ போய் பாத்தாத்தான் தெரியும்" என்று எழுந்துவிட்டார். உண்மையிலேயே அது நேற்றையதுதான். அந்தக் காதை என்ன செய்ய?

நேற்று வந்த முடிவிலும் அதே மூன்று இடம். ஆடிட்டர் தேதி நெருங்குகிறது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் பெல்ட் ஓடுகிறது. ஃபேக்டரி நின்றால் லைனில் இருக்கும் இத்தனை பெண்களும் எங்கே போவார்கள்? வீட்டில் அடுப்பு எரிவதே இவர்கள் கையால்தான் என்று பாதிப் பேரைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீ அவருக்கு எழுது. உன் மேல்தான் ஏற்கெனவே கோபம் இருக்கிறதே, அதற்கு மேல் என்ன கோபித்துக்கொள்ளப் போகிறார்? கம்பெனி சார்பில், ரூல் இப்படி என்று, மரியாதையாக ஒரு பக்கம். படித்தவன் எழுதினால் கேட்பார்.

மேஸ்திரி அக்கா வீட்டுக்கு நேற்றுப் போனேன். டீ கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வாலு

---

மார்ச் 24

தங்கைக்கு,

நீ கேட்டபடி எழுதி, ஒட்டி, இதற்குள் வைத்திருக்கிறேன். அவர் கையில் கொடு. எழுத ஆரம்பித்தபோது ஒரு பக்கம்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

இவ்வளவு காலம் கழித்து நான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் அவருடைய ஃபேக்டரியைக் காப்பாற்ற. இதையும் கவனித்துக்கொள்.

படித்துவிட்டு என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. நான் அன்று சொன்னது சரி என்று அவர் வாயால் வந்தால், அதையும் எழுது.

உன் அண்ணன்

---

ஏப்ரல் 3

அண்ணா,

கோபித்துக்கொள். உன் கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு அவ்வளவு கனம் இருக்காது.

அதில் வெண்டைக்காய் பற்றி ஒரு வரி இருக்கிறது. மீதியெல்லாம் நீ. காலேஜ் ஃபீஸ் கட்டப் போன அன்று அவர் உன்னை வெளியே நிற்க வைத்தது, உன் கல்யாணத்தில் மாலையோடு நின்றபோது சிரிக்காதது, அம்மாவின் காரியத்துக்கு நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடித்துவிட்டது. எல்லாம் நிஜம்தான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்தால் அவர் செருப்பைக் கழற்றுவாரா? இன்னொரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வருவார்.

கொடுக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு ஜெயிக்க வேண்டும், எனக்கு ஃபேக்டரி நடக்க வேண்டும். ரெண்டும் வேற வேற வேலைண்ணா. ஒரே கடிதத்தில் செய்ய முடியாது. உன்னிடம் கேட்டது என் தப்பு. பயந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் தரையைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், பார்த்தேன். அவர் காலைப் பார்த்தேன். மண் அப்பியிருந்தது. நீ சொல்வது சரி என்று அப்போதே தெரியும். சரி என்று தெரிந்தும் வாய் திறக்காமல் சாவியை வாங்கிக்கொண்டவள் நான். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

வாலு

---

ஏப்ரல் 10

தங்கைக்கு,

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இருந்தாலும், ஆடிட்டர் பற்றித் தெரிந்துகொள். அவர் பேப்பரைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் அந்தக் கதவருகே நின்று, ஒருத்தரிடமும் பேசாமல், யார் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். முதலாளியும் லைன்காரரும் ஒரே மாதிரி வருகிறார்களா என்பதுதான் அவருக்கு வேண்டியது. பெல்ட்டுக்கு அடியில், உருளை தாங்கும் கம்பியின் பின்புறம் கையை விட்டுப் பார்ப்பார். அதைக் கழற்றித் தேய்க்கச் சொல். பூட்ஸை நீர் வடியும்படி தலைகீழாக மாட்டுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் எல்லாம் வீண். ஃப்ரீசரிலிருந்து சொட்டும் தண்ணீர் பெல்ட்டின் மேல் விழக் கூடாது, பக்கவாட்டில் தகடு வை. சுத்தப் பக்கத்து வாளிக்கும் யார்டு வாளிக்கும் வேறு வேறு நிறம் இருக்கட்டும்.

மேஸ்திரி அக்காவைக் கூப்பிடாமல் இதில் ஒன்றும் நடக்காது. மன்னிப்பு கேட்டுக் கூப்பிடு, டீ குடித்துவிட்டு வராதே.

உன் அண்ணன்

---

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஃபைல் முடிந்த செய்தி எதிர் மேசையிலிருந்து உனக்கு முன்பே வந்திருக்கும். நடந்ததை நான் எழுதினால்தான் உனக்குத் தெரியும்.

மேஸ்திரி அக்காவிடம் போய், தப்பு உன்னுடையது இல்லை, யாருடையது என்று எனக்குத் தெரிந்தே உன்னை அனுப்பினேன் என்று சொன்னேன். பிறகு, "நான் வந்தா அந்தக் கதவுல யாரையும் விடமாட்டேன், பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை, ஆனால் அதை நான்தான் செய்ய வேண்டும், நீ இல்லை என்றேன். மறுநாள் வந்து முதல் வேலையாக என்னைக் கை கழுவ அனுப்பினாள்.

அன்று காலை நான் கதவின் உள்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர் அளவுக்கு வாங்கிய புது வெள்ளை பூட்ஸ். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டொக் டொக் என்று சத்தம் கேட்டது. லைனில் பேச்சு நின்றது. வந்தார். கதவில் எழுந்து நின்றேன்.

"அப்பா, செருப்பைக் கழட்டுங்க."

என் முகத்தைப் பார்த்தார். அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை. "செருப்பைக் கழட்டச் சொல்றியே, நான் யார் வீட்டுக்கு வந்திருக்கேன்?"

"என் வீட்டுக்கு."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாவி கொடுத்தது அவர்தானே. கொடுத்தது கொடுத்ததுதானே. அவர் பூட்ஸைப் பார்த்தார், லைனைப் பார்த்தார். அத்தனை பெண்களும் குனிந்து காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேஸ்திரி அக்கா ஒருத்தி தவிர. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே திரும்பி யார்டுக்குப் போய்விட்டார். நான் டாய்லெட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே வருவதில்லை. யார்டோடு சரி. என்னோடு பேச்சு, 'சாப்பாடு', 'மாத்திரை', 'லாரி வந்தாச்சு', இவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து மூன்று இடமும் சுத்தம். ஆடிட்டர் வருகிறவரை சுத்தம். லேப் பெண் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆடிட்டர் நீ சொன்னபடியே வந்து நின்றார். கம்பிக்குப் பின்னால் கையை விட்டார். விரலைப் பார்த்தார், அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். அதற்கு முன்னால் யார்டில் அப்பா ஒரு காயை ஒடித்து அவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அப்பாவைப் போலவே இன்னொன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பிறகு கதவருகே போய், பெஞ்சில் உட்கார்ந்து, பளபளப்பான ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நம் வெள்ளை பூட்ஸை மாட்டினார். யாரும் சொல்லவில்லை. அப்பா யார்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விவசாயி மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டான், அது காதில் விழவில்லை.

சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கும்போது கேட்டார்.

"அவன் அங்க காலுக்கு என்ன போட்டுக்கிறான்?"

யார் என்று நான் கேட்கவில்லை. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்.

கேட்டுவிட்டேன். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். அந்த பூட்ஸ் பெஞ்சுக்கு அடியில் புதுசாகவே இருக்கிறது. எடுத்து வைக்க மேஸ்திரி அக்கா விடவில்லை.

அண்ணியின் முழங்கால் பற்றி இன்னும் எழுதவில்லை நீ.

இப்படிக்கு,
வாலு

---

மே 29

வாலு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். "அந்த நாற்காலிக்கு என்ன கோளாறு, உங்களை உட்கார விடமாட்டேங்குதா?" என்று உன் அண்ணி கேட்டுவிட்டாள். அவள் முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். மாடிப்படி ஏறுகிறாள், ஏறிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள்.

ஃபைலை எதிர் மேசைக்காரர் என் முன்னால்தான் மூடினார். கை கொடுத்தார். சந்தோஷம்தான். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன? அந்தக் கதவில் அவர் வந்து நிற்பதை இத்தனை வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எதிரே நிற்பது நான். உன் கடிதத்தைப் படித்தபோது என் இடத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. எனக்கு அன்று அந்தப் பதில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்ல முடியாது. அது என் வீடு என்று நான் சொல்லும்படி அவர் வைத்திருக்கவில்லை.

நான் சொன்னது சரி என்று ஏதாவது சொன்னாரா? நீ எழுதவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய்.

அவர் கேட்டதற்கு: வெள்ளை ரப்பர் பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். நீ வாங்கி வைத்திருக்கும் அளவுதான் எனக்கும். வாசலில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. இந்தப் பக்கம் உட்கார்ந்து வெளிச் செருப்பைக் கழற்ற வேண்டும், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு பூட்ஸை மாட்ட வேண்டும். மேலதிகாரியும் அதே பெஞ்சில்தான் உட்காருவார். வலது கால் சுலபமாக ஏறிவிடும். இடது கால் ஏறாது. தரையில் இரண்டு தட்டு தட்டித்தான் மாட்டுகிறேன். கூட வேலை செய்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் நீயாகப் போய்ச் சொல்ல வேண்டாம். மறுபடி கேட்டால் மட்டும் சொல்.

உன் அண்ணன்